பாடிக்கு எளிய மரம், நெக்குக்கு நேரான மரம்: முதல் எலெக்ட்ரிக் கிடாருக்குப் பலகை தேர்ந்தெடுப்பது

நான் செய்த முதல் கிடாரின் பாடி, அதாவது உடற்பகுதி, ஹார்டு மேப்பிள் என்ற கெட்டியான மரம். இழைத்து முடித்த பலகையில் ஓடிய பட்டுப்போன்ற மினுமினுப்பைப் பார்த்து மயங்கி வாங்கியது. மரத்தைக் குடைந்து வெட்டும் மின்கருவியான ரவுட்டர் ஓடிய வளைவுகளெல்லாம் கருகின. அதன் வெட்டுமுனைகளான பிட்டுகள் இரண்டு மழுங்கின. தடிமனை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைக்கக் கை வரவில்லை, மரம் அவ்வளவு அழகு. எல்லாம் பூட்டித் தராசில் வைத்தபோது ஐந்து கிலோ. நின்றுகொண்டு மூன்று பாட்டு வாசித்தால் தோள்பட்டை நான்காவதை வேண்டாம் என்றது.

அதற்குப் பிறகு பாப்லரில் ஒன்று செய்தேன். பச்சையும் சாம்பலுமாகக் கோடு ஓடிய, பார்க்கவே சகிக்காத பலகை. அதே பிக்கப்பைக் கழற்றி இதில் மாட்டினேன். ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு இது மேப்பிள், இது பாப்லர் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. வேலை மட்டும் பாதி நேரத்தில் முடிந்தது.

எனவே இந்தக் கட்டுரையின் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கிடாருக்கு மரம் பார்க்கும்போது 'ஓசை எப்படி இருக்கும்' என்பதை வரிசையின் கடைசிக்குத் தள்ளுங்கள். எடை, வேலைக்கு வளையும் தன்மை, காய்ந்த பக்குவம் மூன்றையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல பலகைக்கென்று ஒதுக்கிய பணத்தையும் பொறுமையையும் பாடியில் கொட்டாமல், விரல்கள் ஓடும் நீண்ட கழுத்தான நெக்கில் போடுங்கள்.

ஓசை மரத்திலா இருக்கிறது?

எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அக்கூஸ்டிக் கிடாரில் காற்றை அசைப்பது மரப்பலகை. இங்கே அந்த வேலையே மரத்துக்கு இல்லை.

அதற்காக மரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தந்தி ஒரு முனையில் பாடியில் பூட்டிய பிரிட்ஜிலும், மறுமுனையில் நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டிலும் தாங்கி நிற்கிறது. தாங்கும் இடம் எவ்வளவு அசைந்து கொடுக்கிறதோ அவ்வளவு அதிர்வு அங்கே கரைந்துபோகும். ஆனால் அப்படி அசைவது எது? நாலரை சென்டிமீட்டர் தடித்த கட்டையான பாடி மிகக் குறைவாகவே அசையும். ஒல்லியாக நீண்டு கிடக்கும் நெக்தான் அதிகம் அசையும். சில கிடார்களில் குறிப்பிட்ட ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஸ்வரம் எழுந்த வேகத்தில் அடங்கிப்போகும். வாசிப்பவர்கள் அதை டெட் ஸ்பாட் என்பார்கள். நெக்கின் சொந்த அதிர்வும் அந்த ஸ்வரத்தின் அதிர்வும் ஒத்துப்போகும் இடம் அது. மரத்தின் பங்கைத் தேட வேண்டுமானால் அங்கே தேடலாம்.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கரின் 'வறைச்சட்டி' கிடார் அலுமினியத்தில் வார்த்தது. 1940 வாக்கில் கிடார்க் கலைஞர் லெஸ் பால் செய்த 'லாக்', ஒரு பைன் உத்தரக் கட்டை. 1950களில் டான்எலெக்ட்ரோ, மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற அழுத்திய நார்ப்பலகையை ஒட்டிக் கிடார் விற்றது. 1969-இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த ஆம்பெக் கிடாரின் பாடி ஒளி ஊடுருவும் அக்ரிலிக். எல்லாமே கிடார்போலத்தான் ஒலித்தன. பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் கேட்கிற மாற்றத்தை, பாடி மரத்தை மாற்றிக் கேட்பது கடினம்.

பாடி: எடையில் தொடங்குங்கள்

இரட்டைக் கொம்பு வைத்த வழக்கமான வடிவத்தில், 45 மில்லிமீட்டர் தடிமனில், ஒரு பாடியின் கன அளவு நாலரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் அடர்த்தி தெரிந்தால் எடை தானாக வந்துவிடும். பாஸ்வுட் கன மீட்டருக்குச் சுமார் 415 கிலோ, பாடி 1.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆல்டரும் பாப்லரும் 450-ஐ ஒட்டி, இரண்டு கிலோ. மஹோகனி 590, அதாவது 2.7 கிலோ. தேக்கு 650-ஐத் தாண்டும், ஏறக்குறைய மூன்று கிலோ. ஹார்டு மேப்பிள் 700, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். இதோடு நெக், பிரிட்ஜ், தந்தியை முறுக்கும் டியூனர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோ ஏறும். மொத்தம் மூன்றரை கிலோ என்பது தோளுக்கு உறுத்தாத அளவு. நாலரையைத் தாண்டினால் உட்கார்ந்து வாசிக்கும் கிடாராகிவிடும்.

லேசாக இருந்தால் நல்லது என்று அளவு மீறியும் போகக் கூடாது. பவுலோனியா கன மீட்டருக்கு 280 கிலோதான். பாடி ஒன்றேகால் கிலோவுக்கு வந்துவிடும், கையில் தூக்கினால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் பட்டையை மாட்டிக்கொண்டு கையை விட்டால் நெக் தரையை நோக்கிச் சாயும். இடது கை ஸ்வரம் பிடிக்கிற வேலையோடு நெக்கைத் தூக்கிப்பிடிக்கிற வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். திருகுகளும் அந்த மரத்தில் உறுதியாக நிற்காது.

இப்போது உண்மையான போட்டி ஆல்டர், பாஸ்வுட், பாப்லர் மூன்றுக்கும் நடுவில்.

ஆல்டர் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1954-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் வந்தபோது அதன் பாடி ஆஷ் மரம். 1956-இன் நடுவில் ஃபெண்டர் ஆல்டருக்கு மாறியது. ரேகை தெரியப் பூசும் வெளிர்மஞ்சள் கிடார்களுக்கு மட்டும் ஆஷை வைத்துக்கொண்டது. இரண்டையும் ஒருமுறை இழைத்துப் பார்த்தவருக்கு இந்தப் பிரிவினை உடனே புரியும். ஆஷில் நகம் இறங்குகிற அளவுக்குத் திறந்த துளைகள். அவற்றைப் புட்டி போட்டு அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்த பிறகுதான் வண்ணம் சமமாக நிற்கும். ஆல்டரில் துளைகள் பொடியானவை, நேராக வண்ணத்துக்குப் போகலாம். உளிக்கும் அரத்துக்கும் இணங்கும், திருகையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் முதல் பரிந்துரை ஆல்டர்தான்.

பாஸ்வுட் அதைவிட மென்மை. வெட்ட வெண்ணெய் மாதிரி. ஐபனீஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பேர்போன மாடல்களுக்கே அதைப் பயன்படுத்தியிருப்பதால் 'மட்டமான மரம்' என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். குறை ஒன்றுதான்: நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நெக் திருகுகளை நாலைந்து முறை கழற்றி மாட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும். முதல் கிடாரை நாலைந்து முறை அல்ல, நாற்பது முறை கழற்றி மாட்டுவோம். நெக் திருகும் இடத்தில் உலோகத்தால் ஆன மரையுள்ள புஷ் பதித்து, மெஷின் திருகு போட்டால் இந்தக் கவலை தீரும்.

பாப்லர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிறம் அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். கெட்டி வண்ணம் பூசப்போகிறீர்கள் என்றால் அந்த அசிங்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் முறை ரவுட்டர் பிடிப்பவருக்கு, கெட்டுப்போனால் வயிறு எரியாத மரம் என்பது பெரிய தகுதி. நெஞ்சு படபடக்காமல் வெட்டினால் கை நடுங்காது.

ரேகை தெரிய வேண்டும், எண்ணெய் மட்டும் தேய்த்து விட வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் மஹோகனி பக்கம் போகலாம். கிப்ஸன் நிறுவனத்தின் 1952-இன் லெஸ் பால் மாடல், மஹோகனி மேல் மேப்பிள் ஒட்டிய இணை. அந்தச் செதுக்கிய மேற்புறத்தை முதல் முயற்சியில் தொடாதீர்கள், தட்டையான பலகையே போதும். இன்னொன்று, மஹோகனி என்ற பெயரில் பல மரங்கள் விற்கின்றன. மத்திய, தென் அமெரிக்காவின் அசல் மஹோகனி, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆப்பிரிக்க மஹோகனி எனப்படும் காயா நல்ல மாற்று, ஆனால் 2023 முதல் அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சப்பேலே என்பதும் இதே குடும்பம்தான், ஆனால் கனம் கூடுதல். அதன் நார் அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் ஓடும். இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஒரு பட்டையில் சிராய் பெயரும். பார்க்க அழகு, பழகக் கரடு.

தேக்கைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. 'தேக்கு இருக்க வேறெதற்கு?' தேக்கு சுருங்காது, முறுக்காது, பூச்சி தொடாது. எல்லாம் உண்மை. ஆனால் அது எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டுவதற்குச் சற்று முன் இணைப்பு முகத்தை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை ஏமாற்றும். மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா, உளி முனையையும் பிட்டையும் வேகமாகத் தின்றுவிடும். எடை மூன்று கிலோ என்று மேலே பார்த்தோம். கையில் நல்ல பழைய தேக்குப் பலகை இருந்தால் பின்பக்கத்தில் அறைகள் குடைந்து எடையைக் குறைத்துப் பயன்படுத்தலாம். தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை.

பைனைக் கேலி செய்பவர்களுக்கு: ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிடாருடைய முதல் மாதிரிகள் பைனில்தான் செய்யப்பட்டன. கணு இல்லாத, நன்றாகக் காய்ந்த பைன் கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். கணுவிலிருந்து பிசின் கசிந்து வண்ணத்தின் மேல் கறையாக எட்டிப்பார்க்கும், அதுதான் தொல்லை. பிளைவுட்டும், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் ரவுட்டர் அச்சு வெட்டுவதற்கு அருமையானவை. பாடியாகச் செய்தால் ஒலிக்காது என்பதல்ல பிரச்சினை. எம்.டி.எஃப். கனம், அதன் விளிம்பில் திருகு நிற்காது, தூள் கொடியது.

நெக்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

சாதாரணப் பத்துக்கு நாற்பத்தாறு தந்திக் கட்டு (மெல்லிய தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, தடித்தது நாற்பத்தாறு), 25.5 அங்குல ஸ்கேலில், அதாவது தந்தி அதிரும் நீளத்தில், சுருதி சேர்த்து நின்றால், ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். ராத்திரி பகலாக, வருடக்கணக்கில். பாடி அதைப் பற்றிக் கவலைப்படாது. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள நெக், அதுவும் நடுவில், வளைவை நிமிர்த்தும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடுக்குப் பள்ளம் தோண்டிய நெக், கவலைப்பட்டே ஆக வேண்டும்.

இங்கே ஹார்டு மேப்பிளுக்கும் மஹோகனிக்கும்தான் ஒப்பீடு. பாடியில் நான் திட்டிய அதே மேப்பிளுக்கு நெக்கில் என் ஓட்டு. விறைப்பு அதிகம், நார் பெரும்பாலும் நேர். மஹோகனி செதுக்குவதற்குச் சுகமானது, ஈரப்பதம் மாறும்போது அதிகம் துள்ளாது. ஆனால் விறைப்பு குறைவு, தலைப்பகுதியில் உடையும் அபாயம் கூடுதல். கிப்ஸன் வகைக் கிடார்கள் கீழே விழுந்தால் ஹெட்ஸ்டாக் ஒடிவது ஊரறிந்த விஷயம். மரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒற்றைக் கட்டையிலிருந்து தலையைச் சாய்த்து வெட்டும்போது அந்த இடத்தில் நார் குறுக்கே அறுபட்டுவிடுகிறது. அங்கேயே ட்ரஸ் ராடின் வாயும் திறந்திருக்கிறது. சாய்ந்த தலை வேண்டுமென்றால் பலகையைச் சாய்வாக அறுத்துத் திருப்பி ஒட்டும் இணைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள், நார் தலையின் நீளத்துக்கே ஓடும். முதல் கிடாருக்கு ஃபெண்டர் பாணியில் சாயாத தட்டைத் தலை வைத்துக்கொண்டால் அந்த வேலையும் மிச்சம். 25 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்றே போதும்.

எந்த மரம் என்பதைவிட அந்த மரத்தின் எந்தப் பலகை என்பதே நெக்கில் பெரிய கேள்வி. பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா? வளையத்தின் திசையில் மரம் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே செங்குத்து வளையம் விரும்பத்தக்கது. ஆனாலும் ஃபெண்டரின் மேப்பிள் நெக்குகளில் பெரும்பாலானவை படுத்த வளையப் பலகைதான். அவை நன்றாகவே வேலை செய்கின்றன. வளையத்தின் கோணத்தைவிட நார் நேராக ஓடுகிறதா என்பது முக்கியம். பலகையின் பக்கவாட்டில் ரேகையைப் பின்தொடருங்கள். அது பலகைக்கு இணையாக முனை வரை போக வேண்டும். நடுவிலேயே முகத்துக்கு ஏறி மறைந்துவிட்டால் அந்தப் பலகையை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள், எவ்வளவு அழகாகப் புலிவரி ஓடினாலும் சரி. வரி விழுந்த மேப்பிளில் நார் அலையலையாகப் போவதால்தான் அந்த அழகே வருகிறது. அதை நெக்காக்குவது பழகிய கைக்கு உரியது.

நேரான பலகை கிடைக்கவில்லையா? மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்று இடப்பக்கம் முறுக்கப் பார்த்தால் மற்றொன்று வலப்பக்கம் இழுக்கும், இழுபறியில் நெக் நேராக நிற்கும். இதை நான் தாமதமாகக் கற்றேன். அவசரத்தில், சரியாகக் காயாத ஒற்றைப் பலகையில் செய்த ஒரு நெக் மூன்றே மாதத்தில் முறுக்கிக்கொண்டது. ட்ரஸ் ராடைத் திருகித் திருகிப் பார்த்தேன். ட்ரஸ் ராடு வளைவைத்தான் நிமிர்த்தும், முறுக்கை அல்ல. இன்று அந்த நெக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

வறுத்த மேப்பிள் என்று ஒன்று இப்போது பரவலாகக் கிடைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சூளையில் உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தியது, தேன் நிறம், ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் நொறுங்கும் தன்மை கூடியிருக்கும். திருகுக்கு முன்துளை சரியான அளவில் போடாவிட்டால் டியூனர் பக்கம் விரிசல் விடும். இரண்டாவது கிடாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, சிலர் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள்: நெக்கை ஆயத்தமாக வாங்கிவிட்டுப் பாடியை மட்டும் செய்வது. ஃப்ரெட் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே சுருதி காதைக் குத்தும். பாடியில் அரை சென்டிமீட்டர் பிசகினால் 'என் வடிவமைப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். கருவிகள் குறைவாக இருப்பவருக்கு இதுவே சரியான முதல் படி என்பேன்.

ஃபிங்கர்போர்டு

நெக்கின் மேல் ஒட்டி, ஃப்ரெட்டுகளைப் பதிக்கும் பட்டைதான் ஃபிங்கர்போர்டு. கிடார்க்காரர்கள் ரோஸ்வுட் என்று சொல்லும் ஈட்டிதான் இங்கே அரசன், காரணமும் எளிது. தானே எண்ணெய் கொண்டது, வார்னிஷ் வேண்டாம். ஃப்ரெட்டுக்கான கீறலை ரம்பம் சுத்தமாக அறுக்கும், ஃப்ரெட்டைத் தட்டும்போது விளிம்பு பெயராது. கருங்காலி அதைவிடக் கெட்டி, தொட்டால் கண்ணாடி. ஆனால் ஃப்ரெட்டைப் பிடுங்கி மறுபடி அடிக்கும்போது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முதல் முறையில் பிடுங்காமல் யாரும் முடித்ததில்லை. மேப்பிளைப் போட்டால் அழுக்கு ஏறாமலிருக்க லாக்கர் பூச வேண்டும், அதற்குப் பிறகு ஃப்ரெட் வேலை இரட்டிப்பு. ஆறு மில்லிமீட்டர் தடித்த ஈட்டிப் பட்டை ஒன்று போதும் என்பதால் இங்கே நல்லதையே எடுங்கள்.

ஈட்டி இனங்கள் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கின்றன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் பெரும்பாலும் விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டி மட்டும் 1992-இலிருந்தே கடுமையான பட்டியலில். வெறும் பட்டையாக எல்லை தாண்டி வரவழைப்பதானால் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஓக்கையும் ஒதுக்க வேண்டாம். குயீன் இசைக்குழுவின் கிடார்க் கலைஞர் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' கிடாரின் ஃபிங்கர்போர்டு ஓக்தான், மேலே கறுப்புப் பூச்சு. நெக் ஒரு பழைய கணப்பு மாடத்தின் மஹோகனி. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்துவிட்டு வேலை செய்தார்கள். அந்த மரத்தில் பூச்சி அரித்திருந்ததைவிட, அது நூறாண்டு காய்ந்திருந்தது என்பதே எனக்குப் பாடம்.

காய்ந்ததா என்று பார்ப்பது

இசைக்கருவி மரத்தில் ஈரம் ஆறிலிருந்து எட்டு சதவிகிதம் இருப்பது வழக்கம். ஈரமானி இருந்தால் ஒரு நொடி வேலை. இல்லாவிட்டால் பலகையின் எடையை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது என்று பொருள், எடை நின்ற பிறகு வெட்டுங்கள். பாடி இரண்டு துண்டாக ஒட்டியதாக இருப்பதில் தவறே இல்லை. 35 சென்டிமீட்டர் அகல ஒற்றைப் பலகையைத் தேடி அலைய வேண்டாம்.

தூளுக்கு முகமூடி கட்டாயம், எந்த மரமானாலும். ஈட்டியும் தேக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். மூக்கிலும் நுரையீரலிலும் போய் உட்காருவது எல்லா மரத்துக்கும் பொது.

ஆக, நான் இன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எடுப்பது: ஆல்டர் பாடி, கிடைக்காவிட்டால் பாப்லர். நார் நேரான மேப்பிள் நெக், தட்டைத் தலை, திருகி இணைப்பது. மேலே ஈட்டிப் பட்டை. இவற்றில் முதலில் வாங்குவது நெக் பலகை. அதைக் கடைசி அளவைவிட ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக முரட்டுவெட்டாக அறுத்து, காற்று நாலு பக்கமும் படும்படி சுவரில் சாய்த்துவிட்டுப் பாடி வேலையைத் தொடங்குவேன். பாடி வண்ணம் காய்வதற்குள் இரண்டு மாதம் போய்விடும். எந்தப் பக்கம் வளைய நினைக்கிறதோ அதை அந்தப் பலகை அதற்குள் வளைந்து காட்டிவிடும். மீதமிருக்கும் ஐந்து மில்லிமீட்டரில் அதை இழைத்து நேராக்கிக்கொள்ளலாம்.